வாத்தியார் விரல் தூக்கினால்

வாத்தியாருக்கு அந்த வட்டாரம் முழுக்க ஒரே பெயர்தான்: இஃப் சார். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தோடும் வாடகைப் பத்திரத்தோடும் நின்றுவிட்டது. முப்பது வருஷமாகத் தன் வீட்டு முன்னறையில் மாலை வேளைகளில் ஆங்கில இலக்கணம் நடத்தினார். எல்லாமும் நடத்துவார்தான். ஆனால் அவர் கொடிகட்டிப் பறந்தது 'இஃப்' என்று தொடங்கும் வாக்கியங்களில். இப்படி நடந்தால் அப்படி ஆகும் என்கிற சங்கதியை அவரைப் போல மண்டையில் ஏற்ற ஆளில்லை என்று பரீட்சையில் தேறியவர்களும் சொன்னார்கள், கோட்டை விட்டவர்களும் சொன்னார்கள்.

அவர் மனைவி மட்டும் அந்த வகுப்பை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவளுக்குச் சலவைக்கடையில் வேலை. காலை பத்து மணிக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவாள். அவள் படியேறும்போது பிள்ளைகளின் செருப்புகள் போயிருக்கும், கரும்பலகை மூலையில் எழுதிய தேதி தவிர துடைத்திருக்கும், வாத்தியார் சாக்பீஸ் தூசிக் கையோடு தேநீருக்குத் தண்ணீர் வைத்திருப்பார்.

"எனக்கும் அந்த இஃப்பைக் கொஞ்சம் சொல்லித் தரக்கூடாதா?" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டாள்.

"உனக்கு எதுக்கு அது? நீ எதையும் நேராப் பேசுறவ. இஃப்பெல்லாம் என்னை மாதிரி இழுக்கிறவனுக்குத்தான்" என்றார். அவளும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். அவளுடையது எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. அதற்கு மேல் வற்புறுத்தத் தைரியம் வரவில்லை. பின்னால் இதை நினைத்து எத்தனை முறை நெஞ்சில் அடித்துக்கொண்டாள் என்பதை அவளே எண்ணவில்லை.

அவளுடைய படிப்பெல்லாம் சலவைக்கடை எண்கள்தான். துணி கொண்டுவருபவருக்கு ஒரு துண்டுச்சீட்டு. அதே எண் எழுதிய இன்னொரு சீட்டு துணியின் காலரில் குத்தப்படும். இருபத்தெட்டு வருஷமாக அவள் முகம் பார்த்துத் துணி கொடுத்ததில்லை. முகம் ஏமாற்றும். சண்டைக்காரன்கூடச் சாதுவாக வந்து நிற்பான். எண் ஏமாற்றாது. நாற்பத்தேழு என்று சீட்டு நீட்டினால் நாற்பத்தேழாவது கோட்டு வரும், அவ்வளவுதான். முதலாளியே வந்து சீட்டில்லாமல் தன் சட்டையைக் கேட்டபோது திருப்பி அனுப்பியவள் அவள்.

ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த வாத்தியாரின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். வலது கை விழுந்துவிட்டது, வலது கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பேச்சு முழுக்கப் போயிருந்தால்கூட அவள் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். முழுக்கப் போகவில்லை. நான்கே நான்கு வாக்கியங்கள் மிச்சம் நின்றன.

"தண்ணி வேணுமாங்க?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டாள்.

"இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்" என்றார் வாத்தியார். குழறல் இல்லை, திக்கல் இல்லை. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் குரல்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸ் அசந்துபோனாள். "அம்மா, ஐயா சூப்பரா இங்கிலீஷ் பேசுறாரே!" வாத்தியார் மனைவிக்கும் ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது. மனுஷன் தண்ணீருக்குத் தவிக்கிறாரா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை, இதில் பெருமை என்ன வேண்டிக்கிடக்கிறது.

போர்வை வேண்டுமா என்றால் "இஃப் த பெல் ரிங்ஸ், வீ வில் கோ ஹோம்." வலிக்கிறதா என்றால் "இஃப் ஐ ஹேட் விங்ஸ், ஐ வுட் நாட் வெயிட் ஃபார் த பஸ்." அவள் அழுதால் "இஃப் யூ ஹேட் கம் எர்லியர், யூ வுட் ஹேவ் காட் த பஸ்." சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போவார். தான் சொல்ல வந்தது இதில்லை என்று அவர் முகமே சொல்லும்.

டாக்டர் பொறுமைசாலி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். "ஆயிரம் தடவை சொன்னது வாய்ப்பழக்கமா வருதும்மா. அதுல அர்த்தம் தேடாதீங்க. நீங்க பேசுறது அவருக்குப் பாதி புரியும். பதில் சொல்லத்தான் வழியில்ல."

"தலையாட்டுறாரே டாக்டர்?"

டாக்டர் வாத்தியார் பக்கம் திரும்பினார். "சார், நீங்க ஒரு குதிரையா?"

வாத்தியார் மரியாதையாக ஆமாம் என்று தலையாட்டினார்.

"இவங்க உங்க மனைவிதானே?"

இல்லை என்று ஆட்டினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கமுடியாமல் சிரித்தாள், சிரித்துக்கொண்டே வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் டாக்டர் ஒரு படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அதைத் திறந்து சுத்தம் செய்யலாம்.

"பண்ணினா இன்னொரு பக்கவாத அடி வராம தடுக்கலாம். ஆனா பண்றப்பவே அடி விழறதுக்கும் வாய்ப்பு இருக்கு; நூறு பேர்ல மூணு நாலு பேருக்கு அப்படி ஆகும். பண்ணலேன்னா, வராமலும் போகலாம், வந்தா பெருசாவும் வரலாம்."

ஊரெல்லாம் இஃப் சார்கள்தான் போலிருக்கிறது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. "நீங்களே சொல்லுங்க டாக்டர். உங்க அப்பாவா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"அதை நான் சொல்லக்கூடாதும்மா. அவர் சொல்ற நிலையில இல்ல. அவரா இருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு உங்களுக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

மகளுக்கு போன் போட்டாள். மகளுக்கு அது எட்டாம் மாதம்; தூரத்து நகரத்தில் இருக்கிறாள், படுக்கையை விட்டு இறங்கக்கூடாது என்று கட்டளை. "அம்மா, பக்கத்துல இருந்து பாக்குறது நீதான். நீ என்ன சொல்றியோ அதுதான் எனக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள். மாசமாக இருக்கிற பெண்ணிடம் மேற்கொண்டு என்ன கேட்பது?

எல்லோரும் நல்லவர்கள்தான். எல்லோரும் பந்தை அவள் கைக்கே தட்டிவிட்டார்கள். அவளோ வாழ்க்கையில் எதையும் தனியாக முடிவு செய்தவள் இல்லை. ஃப்ரிட்ஜ் வாங்குவதிலிருந்து மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது வரைக்கும், இரவுத் தேநீரின்போது இருவரும் உட்கார்ந்து பேசி, ஆளுக்கொரு குறை சொல்லி, கடைசியில் ஒத்துப்போவதுதான் வழக்கம். அவர் உயிரைப் பற்றி அவரைக் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? 'அவர் வாயால வரணும். எப்படியாவது அவர்கிட்ட இருந்து வரணும்' என்று ஒரே பிடியாக நின்றாள்.

அப்போதுதான் அந்த இடது கையைக் கவனித்தாள். வாத்தியாரின் இடது கை நன்றாகவே இருந்தது. சில நேரம் அதை மெல்லத் தூக்கி முஷ்டியாக மூடுவார். சில நேரம் ஒரு விரல் நீட்டுவார். சில நேரம் இரண்டு. அவளையே பார்ப்பார்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெண் நிற்பாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மருந்துச் சீட்டில் முகவரியைப் பார்த்ததுமே "இஃப் சாரா? அம்மா, நான் அவர்கிட்ட மூணு வருஷம் படிச்சேன்" என்று கண் கலங்கியவள். வாத்தியார் மனைவி அவளிடம் ஓடினாள்.

"ஏம்மா, அவர் விரலைக் காட்டுறாரே, வகுப்புலயும் அப்படிக் காட்டுவாரா?"

"பின்னே! அதானே சாரோட ஸ்டைலு." கூட்டத்துக்கு நடுவே, மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே அவள் சொன்னாள். "கையை மூடினா ஜீரோ. எப்பவும் நடக்கிறது. ஐஸைச் சூடு பண்ணினா உருகும், அதுல மாத்தமே இல்ல. ஒரு விரல்னா நடக்கக்கூடியது. பெல் அடிச்சா வீட்டுக்குப் போவோம். ரெண்டு விரல் சும்மா கற்பனை, நடக்காது. எனக்கு ரெக்கை இருந்தா பஸ்ஸுக்கு நிக்கமாட்டேன். மூணு விரல் முடிஞ்சுபோனது. சீக்கிரம் வந்திருந்தா பஸ் கிடைச்சிருக்கும். வரல, கிடைக்கல, இனிமே மாத்த முடியாது. லேட்டா வர்றவங்களைப் பார்த்துத்தான் அதை... இதோ தர்றேன் சார், ஒரு நிமிஷம்... அம்மா, இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்."

வாத்தியார் மனைவியின் கைப்பையில் சலவைக்கடைச் சீட்டுகள் எப்போதும் இருக்கும். நான்கு சீட்டை எடுத்து அங்கேயே நின்று எழுதினாள். பூஜ்யம், எப்பவும். ஒன்று, நடக்கும். இரண்டு, நடக்காது. மூன்று, முடிஞ்சுபோச்சு. எழுதி முடித்தபோது அவளுக்குப் பல நாளுக்குப் பிறகு ஒழுங்காக மூச்சு வந்தது. வாக்கியத்தில் அர்த்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். தலையாட்டலில் அர்த்தம் இல்லை. ஆனால் இது எண். எண்ணுக்கு ஒரு துணி உண்டு.

அன்று மதியம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கழுத்தைத் தொட்டுக் காட்டி, படத்தைக் காட்டி, டாக்டர் சொன்னதை எல்லாம் மெதுவாகச் சொன்னாள். "இப்ப சொல்லுங்க. ஆபரேஷன் பண்ணலாமா?"

வாத்தியார் வெகுநேரம் அவளைப் பார்த்தார். இடது கை எழுந்தது. ஒரு விரல்.

ஒன்று. நடக்கும்.

அவள் ஒன்று எழுதிய சீட்டை எடுத்து ஒத்துப் பார்த்தாள். ஆனாலும் சலவைக்கடைக்காரி சலவைக்கடைக்காரிதான். இரண்டு முறை சரிபார்க்காமல் துணியைக் கொடுக்க மாட்டாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டாள். ஒரு விரல். புருவத்தைத் தூக்கி, அவள் வாயையே பார்த்துக்கொண்டு, விரலை இறக்காமல் வைத்திருந்தார். "புரிஞ்சுதுங்க, புரிஞ்சுது" என்று அவள்தான் அந்த விரலைப் பிடித்து மெல்லப் போர்வைமேல் வைத்தாள். அவர் மறுபடி தூக்கினார். 'எவ்வளவு உறுதியா இருக்காரு பாரு' என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் எதிரிலும் கேட்டாள். அதே ஒரு விரல். டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "இதை நம்பலாமான்னு எனக்குத் தெரியலம்மா."

"எனக்குத் தெரியும் டாக்டர். இது அவர் பாஷை" என்றாள். வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து அவள் யாரிடமும் பேசியதில்லை. படிவத்தின் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நூறு பேரில் மூன்று நான்கு பேர் என்றார் டாக்டர். அந்த மூன்று நான்கு பேரில் வாத்தியார் ஒருவராகப் போனார். கண் விழித்தபோது நான்கு வாக்கியங்களும் போயிருந்தன. விழுங்கத் தெரியவில்லை, மூக்கில் குழாய் போட்டார்கள். இடது காலும் பாதி சொன்னபடி கேட்கவில்லை. இடது கை மட்டும் தப்பியது.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்றார் டாக்டர். உண்மையாகவே வருந்தினார். "ஆனா பண்ணாம இருந்திருந்தா இதைவிடப் பெருசா வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். அதை இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நெஞ்சு வெந்தது. ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது: அவர் கேட்டார், நான் செய்தேன். முடிவு அவருடையது. அவரைக் குழாயோடு வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில், கரும்பலகைக்கு எதிரே கட்டில் போட்டபோதும், கடைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தபோதும், மகளுக்குப் பிரசவமாகிப் பேத்தி படத்தை அவர் முகத்துக்கு நேரே காட்டி ஒரு சலனமும் காணாதபோதும், அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். சலவைச் சீட்டு நான்கும் அவள் கைப்பையில் பத்திரமாக இருந்தன.

ஒரு ஞாயிறு மதியம் மருந்துக்கடைப் பெண் பார்க்க வந்தாள். கையில் ஒரு பை ஆரஞ்சு. குழாயில் குடிக்கிற மனுஷனுக்கு ஆரஞ்சு எதற்கு என்று பிறகுதான் உறைத்து, அசடு வழிந்துகொண்டு கீழே வைத்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில், அந்தக் காலத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள்.

"சார், என்னைத் தெரியுதா? ரெண்டாவது பெஞ்சு. வாயாடி."

வாத்தியார் அவளைப் பார்த்தார். இடது கை மெல்ல எழுந்தது. ஒரு விரல்.

மருந்துக்கடைப் பெண் யோசிக்கவே இல்லை. முதுகு தானாக நிமிர்ந்தது, கை தானாகக் கட்டிக்கொண்டது. "இஃப் த பெல் ரிங்ஸ், வீ வில் கோ ஹோம், சார்!"

விரல் இறங்கியது. வாத்தியார் முகத்தில், ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக, ஒரு நிம்மதி தெரிந்தது. அடுத்து இரண்டு விரல் எழுந்தது.

"இஃப் ஐ ஹேட் விங்ஸ், ஐ வுட் நாட் வெயிட் ஃபார் த பஸ்!" அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, சிரிப்பும் வந்தது. "ஐயோ, சார் அப்படியே இருக்காரும்மா! பாருங்க, மறக்கவே இல்ல!"

அடுப்படி வாசலில் தம்ளரோடு நின்றிருந்த வாத்தியார் மனைவி கட்டிலருகே வந்தாள்.

"என்னம்மா நடந்துது இப்ப?"

"கேள்வி கேட்டாரும்மா."

"கேள்வியா? பதில் இல்லையா?"

"சார் ஒருநாளும் பதில் சொல்ல விரல் தூக்கமாட்டாரே. நாம என்ன கேட்டாலும் சரி, ஒரு விரலைத் தூக்கிட்டு நம்ம வாயையே பார்ப்பாரு. 'நீ சொல்லு'ன்னு அர்த்தம். நாம முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் இறக்கவே மாட்டாரு. பாதி சொல்லிட்டு முழிச்சாலும் விடமாட்டாரு. ஒருதடவை மூணு விரலுக்கு எனக்குப் பின்பாதி வரல. பத்து நிமிஷம் கை தூக்கினபடியே நின்னாரு, மனுஷன்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அன்னிக்கே உங்ககிட்ட இதைச் சொன்னேனே?"

"சொன்னே" என்றாள் வாத்தியார் மனைவி. "சொன்னேம்மா." அந்தப் பெண் சொல்லவில்லை. கூட்டம் அதிகம், மாத்திரை வெட்டிக்கொண்டிருந்தாள். அதை இப்போது சொல்லி அவளையும் எதற்கு நோகடிப்பது? தேநீர் கொடுத்து, வாசல் வரை போய், ஆரஞ்சுக்கு நன்றி சொல்லி அனுப்பினாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆபரேஷன் பண்ணலாமா என்று இவள் கேட்டாள். நீ சொல்லு என்றார் அவர். மறுபடி கேட்டாள். நீ சொல்லு. டாக்டர் எதிரில் கேட்டாள். அப்போதும் அதையேதான் சொன்னார், புருவத்தைத் தூக்கி, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு. டாக்டரைப் போல, மகளைப் போல, அவரும் அவளைத்தான் கேட்டிருக்கிறார். அல்லது அவள் கேட்டதே காதில் ஏறாமல், எப்போதும் போல வகுப்பு நடத்தியிருக்கிறார். இரண்டில் எது என்று கேட்க இனி அவரிடம் வாய் இல்லை. இரண்டில் எதுவானாலும் கையெழுத்து அவளுடையது.

கைப்பையைத் திறந்து நான்கு சீட்டையும் எடுத்தாள். கிழிக்கலாம் என்று நினைத்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் ஒரு சீட்டைக் கிழித்ததில்லை, கை வரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாத்தியார் அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வகுப்பு பாதியில் நின்றுவிட்டது. இரண்டு முடிந்தால் மூன்று வரவேண்டும். இடது கை எழுந்தது. மூன்று விரல்.

"வேணாங்க" என்றாள் அவள்.

விரல்கள் நின்றன. புருவம் உயர்ந்தது. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மனைவி என்று அவருக்குத் தெரிந்ததோ, தாமதமாக வந்த பழைய பிள்ளை என்று நினைத்தாரோ.

அவள் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். அது மறுபடி எழுந்தது. இந்த முறை அவள் அதை அடக்கவில்லை. பெஞ்சுக்குத் திரும்பி வந்து, மருந்துக்கடைப் பெண் உட்கார்ந்தது போலவே முதுகை நிமிர்த்திக் கையைக் கட்டிக்கொண்டாள். ஆங்கிலம் அவளுக்கு வராது. வந்த பாஷையில் தொடங்கினாள்.

"அன்னிக்கு நான் கையெழுத்துப் போடாம இருந்திருந்தா..."

வாத்தியார் காத்திருந்தார்.

"அன்னிக்கு நான்... கையெழுத்துப் போடாம இருந்திருந்தா..."

அதற்கு மேல் வரவில்லை. நன்றாக இருந்திருப்பீர்கள் என்று சொல்ல முடியவில்லை. செத்துப்போயிருப்பீர்கள் என்றும் சொல்ல முடியவில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கரும்பலகையில் அவர் கடைசியாக எழுதிய தேதி இன்னும் அழியாமல் இருந்தது. அவள் மூன்றாம் முறையாக முதலிலிருந்து தொடங்கினாள். வாத்தியாரின் கை களைத்துப்போய் லேசாக நடுங்க ஆரம்பித்தது, ஆனால் விரல்கள் இறங்கவில்லை.